எருக்கஞ்செடி வழக்கு

காலை ஆறரை மணி இருக்கும். கையில் காபி டம்ளர். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் என் மனைவியின் செருப்பு. தூக்கக் கலக்கத்தில் எனக்கு இதெல்லாம் சகஜம். எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், பி பிளாக்கின் பின்பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

தோட்டத்தைக் காணோம்.

நாலு செடியை யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்கிற அளவில் இல்லை. முழுசாகக் காணோம். முதல் நாள் காலை வரை எருக்கும் தும்பையும் ஆவாரையும் ஆடாதொடையும் இடுப்பளவுக்கு நின்ற இடம், முடி இறக்கிய தலை மாதிரி இருந்தது. சந்தனம் பூசாத குறை. காம்பவுண்டு சுவரின் அடிப்பாகத்தை வெகுகாலம் கழித்து அன்றுதான் பார்க்கிறேன். அங்கே ஒரு குழாய் ஓடுகிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? தப்பான பிளாக்குக்கு வந்துவிட்டேனோ என்று சுவரில் எழுதியிருந்த எழுத்தைத் திரும்பிப் பார்த்தேன். 'பி' என்றுதான் இருந்தது.

மண்ணின் மேல் ஒரு மருந்து வாடை. மூக்குக்குள் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிற வாடை. தரையை மூடியிருந்த சருகு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். நாலைந்து மண்புழுக்கள் சிமெண்ட் பாதையில் நெளிந்து நெளிந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. எங்கே போவது என்று அவற்றுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காபியில் ஆடை கட்டிவிட்டது. எனக்கு ஆடை என்றால் குமட்டும். அன்று அதையும் சேர்த்துக் குடித்தேன். குமட்ட மறந்துபோயிருந்தது.

பாத்ரூமில் இருந்தபோது கிடைத்த பதவி

எனக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரை விடாமல் படிக்கும் பொறுமைசாலிகளுக்குத் தெரியும்: திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு வந்தவன் நான். அதாவது, அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். என் தப்பைக் கண்டுபிடிக்க வீட்டில் சுமதி இருக்கிறாள், சம்பளம் இல்லாமல்.

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், பார்க்கிங் சண்டை உச்சத்தில் இருந்தபோது, நான் பாத்ரூமுக்குப் போனேன். திரும்பி வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். நான் கை கழுவிக்கொண்டு வந்ததைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தோட்டக் கமிட்டிக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கமிட்டியில் வேறு உறுப்பினர்கள் யார் என்று கேட்டேன். அதற்கும் ஒரு முறை கை தட்டினார்கள்.

அப்போது பி பிளாக் பின்பக்கம் ஒரு புல்தரை இருந்தது. பெயர்தான் புல்தரை. வாரா வாரம் மருந்து, தினம் தினம் தண்ணீர். அப்படியும் நோயாளி மாதிரி மஞ்சளாகவே கிடக்கும். ஒரு தும்பி கிடையாது, ஒரு தவளை கிடையாது. தோண்டிப் பார்த்தோம். ஒரு சாண் ஆழத்தில் உடைந்த டைல்ஸ், சிமெண்ட் கட்டி, கொத்தனார் மறந்துவிட்டுப் போன ஒரு கரண்டி. கட்டடம் கட்டி மிச்சமானதை எல்லாம் கொட்டி, மேலே புல்லைப் போர்த்தியிருந்தார்கள்.

"இதுல செடி வெச்சா அது பாவம் சார்" என்றார் செல்வி.

செல்வி எங்கள் அடுக்ககத்தின் தோட்டக்காரர். ஒரே தோட்டக்காரர். நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி எட்டரை மணிக்கெல்லாம் வந்துவிடுவார். வயது என் வயதுதான், உழைப்பு என்னைப்போல் பத்து மடங்கு, நாக்கு இருபது மடங்கு.

இரண்டு பேருமாக அந்த இடிபாட்டைப் பொறுக்கினோம். சமையலறைக் கழிவை மக்க வைத்துப் போட்டோம். சருகு கொட்டினோம். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு மழைக்கால மதியம் செல்வி கொத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, "சார், குடி வந்துட்டாங்க" என்றார். குனிந்து பார்த்தால் மண்புழு. எங்கள் அடுக்ககத்தில் பராமரிப்புக் கட்டணம் பற்றிச் சண்டை போடாமல் குடியேறிய முதல் குடும்பம் அதுதான்.

"நீங்க எந்த ஊரு சார்?"

நாட்டுச் செடிப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று ஞாபகம் இல்லை. பிடித்த பிறகு மற்றவர்கள் பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

குல்மோகர் வெளிநாடு என்று படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூங்குமூஞ்சி மரமும் வெளிநாடு என்றார்கள். ஜகரண்டாவும். பெங்களூரில் எந்த மரத்தைக் காட்டிப் பெருமைப்பட்டாலும் அதன் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார்கள். மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவை என்று தெரிந்தபோது ரசத்தையே சந்தேகக் கண்ணோடு பார்த்தேன்.

இவ்வளவு படித்தவன் முதன்முதலில் 'நாட்டுச் செடி' என்று பலகை எழுதி நட்டது எதைத் தெரியுமா? உண்ணிச்செடி. காடு காடாக அழித்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டுப் புதர். செல்விதான் பார்த்துவிட்டு, "இத்த எங்கூர்ல ஆடுகூட தொடாது சார். நீங்க பேர் எழுதி நட்டு வெச்சிருக்கீங்க" என்றார். பலகையை மட்டும் பிடுங்கி, பெயரை அழித்து, பக்கத்திலிருந்த ஆவாரைக்கு மாற்றினேன். செடியை அவர் பிடுங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பவர்களைக் கூட்டி வைத்து, "இந்த மண்ணில் பிறந்ததுதான் இந்த மண்ணுக்கு நல்லது" என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். சி பிளாக் ஸ்ரீதர் கையைத் தூக்கினார். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. "நல்ல பாயிண்ட். ஆமா, நீங்க எந்த ஊரு சார்?" என்றார். கூட்டம் அத்துடன் முடிந்தது.

ஆனால் பேச்சில் தோற்றதை எருக்கு ஜெயித்துக் கொடுத்தது. எருக்கு வளர்ந்து இலை விட்ட கொஞ்ச நாளில், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாகச் சட்டை போட்ட புழுக்கள் அதில் வந்தன. வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். வெந்தய நிறத்தில் இறக்கை விரித்து அவை பறக்க ஆரம்பித்தபோது, பார்க்கிங்குக்காக அடித்துக்கொண்டவர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். பார்க்க வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "மேலாகப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில்தான் உயிர் இருக்கும்."

சருகுச் சண்டை

எனக்கும் செல்விக்கும் ஒரே ஒரு தகராறு. சருகு.

சருகைக் கூட்டாதீர்கள், அது மண்ணின் போர்வை என்பேன் நான். கூட்டாவிட்டால் திட்டு வாங்குவது அவர். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற ஒவ்வொருவரும், "ஏம்மா, பெருக்கவே மாட்டியா?" என்று கேட்பார்களாம்.

"நீங்க போர்வைன்னு சொல்லிட்டு மேல போயிடுறீங்க. சோம்பேறின்னு பேரு எனுக்கு வருது" என்று அந்த வாரம்தான் சண்டை பிடித்தார். "ஒருநாள் இல்ல ஒருநாள் மொத்தத்தையும் அறுத்து எறியப் போறேன் பாருங்க."

கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். சுமதி என்னைப் பற்றி இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள், நான் இன்னும் முழுசாகத்தான் இருக்கிறேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை, மொட்டை நிலத்தின் முன்னால் ஆறிய காபியோடு நின்றவனுக்கு, செல்வி சொன்ன அந்த வார்த்தைதான் முதலில் காதில் கேட்டது.

பக்கெட் சாட்சி

பம்ப் அறைக்குப் பின்னால் போனேன். செல்வி தன் சாமான்களை வைக்கிற இடம். அங்கே அவருடைய நீலப் பக்கெட் இருந்தது. பக்கெட்டில் பாதித் தண்ணீர். தண்ணீரில் எருக்கங்கிளைகள். பக்கத்திலேயே அவருடைய அருவாள், அதன் வாயில் எருக்கம்பால் காய்ந்து வெள்ளையாக.

அவ்வளவுதான், எனக்குத் தீர்ப்பு எழுத அது போதும். இருபது வருடமாகப் பிழை கண்டுபிடிக்கிறவன் இல்லையா.

எட்டரை மணிக்கு மெயின் கேட்டில் போய் நின்றேன். கம்பெனி கார்கள் வரிசையாக நிற்கிற நேரம். ஸ்கூல் வேனுக்குப் பிள்ளைகளோடு அம்மாக்கள். செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக வந்தார்.

"சார், நேத்து போன் பண்ணேன், எடுக்கவேயில்லயே நீங்க..."

"தோட்டம் எங்க?"

"அதான் சார் சொல்ல வரேன். மத்தியானம் ரெண்டு பேரு மெஷினோட வந்தானுங்க. ஆபீஸ் ஆர்டர்னாங்க. நான் எவ்ளோ சொல்லியும்..."

"எந்த ஆபீஸ்? இங்க தோட்டக் கமிட்டியே நான்தான். எனக்குத் தெரியாம எவன் ஆர்டர் போடுவான்?"

இந்த வாக்கியத்தை நான் மறக்க முயன்று தோற்றுப்போயிருக்கிறேன்.

காலை ஷிப்ட் காவலாளிக்கு முதல் நாள் மதியம் நடந்தது தெரியாது. மேனேஜர் நாகராஜ் சொந்த ஊரில் ஏதோ விசேஷம் என்று இரண்டு நாள் லீவு. கேட்க வேறு ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

"பக்கெட்ல இருக்கே, அது உன் அருவாவால அறுத்ததுதானே?"

"அறுத்தது நான்தான் சார். ஒருவாட்டி அத்த நல்லா பாருங்க..."

"பாத்தாச்சு! செடிக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு? ஒரு வருஷம் ஆச்சு அந்த மண்ண உருவாக்க!"

அந்த ஒரு வருடத்தில் மண்வெட்டி பிடித்தது யார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கார் கண்ணாடிகள் இறங்கின. ஸ்ரீதர் காரிலிருந்து பாதி இறங்கி நின்று பார்த்தார். துப்புரவு வேலைக்கு வந்தவரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கெட்டை அப்படியே குப்பை வண்டியில் கொட்டச் சொன்னேன். அங்கேயே, செல்வியின் எதிரிலேயே, தோட்டக்காரர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு, "நாளையிலிருந்து வேற ஆள் அனுப்புங்க" என்றேன்.

இருபது மடங்கு நாக்கு உள்ளவர் ஒன்றும் பேசவில்லை. கேட்டுக்குள் வைத்த காலை எடுத்து வெளியே வைத்து, வந்த வழியே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

அன்று முழுக்க குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒருவர் போட்டார். கும்பிடும் கைகள், வாடிய ரோஜாக்கள். நானும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன், பந்தலில் உட்கார்ந்திருக்கிற மூத்த மகன் மாதிரி. ஸ்ரீதர் மட்டும் பிளாஸ்டிக் புல்லின் படம் அனுப்பி, 'தண்ணி வேண்டாம், புழு வராது, பாம்பு வராது' என்று எழுதியிருந்தார். அதற்கு இருபது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் ஒரு விரல் சுமதியுடையது.

இரண்டுமே பி-304

சனிக்கிழமை காலை நாகராஜ் லீவு முடிந்து வந்தார். நடந்ததைச் சொல்லி, கேமராப் பதிவைப் பார்க்கலாம் என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"கேமரா எதுக்கு ஸார்? நீவே அப்ரூவ் மாடித்தீரல்லா?"

நீங்கள்தானே அனுமதி கொடுத்தீர்கள் என்கிறார். எனக்கு அந்த அளவு கன்னடம் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி நின்றேன். தன் மொபைலைத் திறந்து காட்டினார்.

எங்கள் அடுக்ககத்தில் எல்லாமே ஒரு ஆப்பில்தான் நடக்கும். கூரியர் வந்தால் டிங். பால் வந்தால் டிங். பச்சையை அழுத்தினால் உள்ளே விடுவார்கள், சிவப்பை அழுத்தினால் விட மாட்டார்கள். நான் கமிட்டித் தலைவர் என்பதால் தோட்டம் சம்பந்தப்பட்ட வேலைகளும் என் மொபைலுக்கு டிங் என்று வரும். ஒரு நாளைக்கு முப்பது டிங். எந்த மனிதன் முப்பதையும் படிப்பான்? நான் பச்சையை அழுத்துவேன். பெரும்பாலும் வாசலுக்கு வருவது ஓட்டல் சாம்பார் சாதமாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை.

நாகராஜின் மொபைலில் இப்படி இருந்தது: பி பிளாக் பின்பக்கம், புதர் அகற்றிக் களைக்கொல்லி அடிக்கும் வேலை. வியாழன், பதினொன்று நாற்பத்திரண்டு. அனுமதித்தவர்: பி-304.

பி-304 என் வீடு.

அந்த நேரத்தில் நான் ஆபீஸில், அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய மென்பொருளில் ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடித்து, எல்லோரும் எவ்வளவு கவனக்குறைவாக இருக்கிறார்கள் என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

"ஸ்வல்ப இருங்க சார், இன்னும் இருக்கு" என்று நாகராஜ் விரலால் மேலே தள்ளினார். புதர் இருக்கிறது, பாம்பு பயம் என்று ஒரு புகார் வந்து, அதன் பேரில்தான் இந்த வேலையே கிளம்பியிருக்கிறது. புகார் கொடுத்தவர்: பி-304.

"ரெண்டும் உங்க மனேதான் சார்" என்றார் நாகராஜ். மரியாதையாகச் சிரிப்பை அடக்கினார். அவ்வளவு நல்ல மனிதர்.

மூன்று மாடி ஏறி வீட்டுக்கு ஓடினேன். லிஃப்ட் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது.

"சுமதி! நீயா?"

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றாள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். "பாம்புச் சட்டை கிடந்துச்சு. பயமா இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பாம்பும் பல்லுயிர்தான்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பீங்க. அதான் ஆப்புல போட்டேன். உங்களுக்குத்தான் வரும்னு தெரியும். வேணாம்னா சிவப்ப அழுத்திட்டு வந்து சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன். செல்விதான் அறுத்தாங்கன்னு நீங்க சொன்னதும் நானும் நம்பிட்டேன். படிக்காமலே பச்சைய அழுத்துற ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மொபைலை எடுத்து நோண்டினேன். வியாழக்கிழமை அழைப்புகளைப் பார்த்தேன். செல்வி, செல்வி, செல்வி, செல்வி. மதியம் மூன்று மணியை ஒட்டி நான்கு அழைப்பு. லீவு கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நான்கையும் நானே துண்டித்திருந்தேன்.

சோபாவில் உட்கார்ந்தேன். செல்விக்கு அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இந்த விஷயம் நாகராஜ், சுமதி, நான் மூன்று பேருக்கும் மட்டும்தான் தெரியும் என்கிற எண்ணம் ஒரு நிமிடம் வந்தது. ஒரு நிமிடம் இல்லை, உண்மையைச் சொன்னால் ராத்திரி சாப்பாடு வரைக்கும் இருந்தது. ஆப்பில் பழைய அனுமதியை அழிக்க வழி உண்டா என்றுகூடத் தேடினேன். இல்லை. நன்றாகச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள்.

"நாளைக்குப் போறீங்க" என்றாள் சுமதி, தட்டில் சாதம் வைத்துக்கொண்டே. கேள்வி இல்லை அது.

லீவு நாளிலும் செடியா?

ஞாயிறு காலை நீலசந்திரா போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் ஒரு நர்சரியில் தொட்டியோடு நந்தியாவட்டை வாங்கினேன். தோட்ட வேலை செய்பவரை அவருடைய விடுமுறை நாளில் பார்க்கப் போகிறவன் செடி வாங்குகிறான் பாருங்கள். காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சந்து சந்தாக விசாரித்தேன். எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் மாடி. ஏணி மாதிரி செங்குத்தான படி. பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செல்வி, யாரோ உன்ன தேடிகினு வந்துகிறாரு. பூந்தொட்டி விக்கிறவராட்டம் கீது" என்று குரல் கொடுத்தார்.

செல்வி வந்தார். என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"லீவு நாள்லயும் செடியா சார்?"

நான் வரும் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த பேச்சு அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆப், பச்சை, புகார், நான்கு அழைப்பு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டுச் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். செல்வி இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின்காரன் முன்னாடி போய் நின்னேன் சார். ஒதுங்கும்மா, ஆர்டர்னான். ஒரு பத்து நிமிஷம் குடுன்னு கெஞ்சினேன். புழு இருந்த கிளைய மட்டும் பாத்து பாத்து அறுத்தேன். தண்ணில வெச்சா ரெண்டு நாளு எல வாடாது, அதுங்க தின்னுகினு கெடக்கும். காலைல உங்களாண்ட குடுக்கலாம்னு பம்ப் ரூம் பின்னால வெச்சேன். பதினேழு இருந்துச்சு. எண்ணி வெச்சேன். அதையாச்சும் எங்கியாவது விட்டீங்களா?"

தொட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பக்கெட்டை நான் பார்த்தேன். கிளையைப் பார்த்தேன், அருவாளைப் பார்த்தேன். ஊரையே கூட்டி வைத்து இலையைத் திருப்பிப் பாருங்கள் என்று சொல்கிறவன், ஒரே ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பியிருந்தால் அந்தப் பதினேழும் இருந்திருக்கும். இந்த வீட்டுக்கு இப்படி வந்து நிற்கவும் வேண்டியிருந்திருக்காது.

"குப்பை வண்டியில போயிடுச்சு" என்றேன். "என் எதிர்லதான் கொட்டினாங்க. நான்தான் கொட்டச் சொன்னேன்."

"தெரியும். என் எதிர்லயும்தான்" என்றார். "நீங்க தேடிப் போயி எடுத்திருப்பீங்களான்னு ஒரு நப்பாசைல கேட்டேன்."

சந்தில் யாரோ ஸ்கூட்டர் கிளப்பினார்கள். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். ஒப்பந்தக்காரரிடம் பேசிவிட்டேன், நாளையிலிருந்து வந்துவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை.

"சார், நீங்க என்ன கத்துனது எங்க?"

"கேட்ல."

"எத்தினி பேரு இருந்தாங்க?"

"இருந்தாங்க, ஒரு... நாப்பது பேர்."

"கத்துனது கேட்ல, நாப்பது பேரு முன்னால. மன்னிப்பு மட்டும் எங்க வூட்டு மாடிப்படில, காதோட காதா." அவர் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பிளாட்டுக்காரங்க நாளைக்கு என்ன பாத்தா இன்னா நெனைப்பாங்க? சாரே பெரிய மனசு பண்ணி, தோட்டத்த அழிச்சவள மறுபடி சேத்துகினாருன்னுதான? அப்டி வர்ற வேல எனுக்கு வேணாம் சார்."

பக்கத்து வீட்டுப் பெண்மணி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "அப்டி கேளு" என்றார். "நாளைக்கு எட்டரைக்குக் கேட்டுக்கு வாங்க, அங்கயே சொல்றேன்" என்றேன்.

எட்டரை மணி, மெயின் கேட்

திங்கட்கிழமை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன், எதற்கு என்று தெரியவில்லை. எட்டு இருபதுக்குக் கேட்டில் போய் நின்றேன். கம்பெனி கார்கள் வரிசையில். அம்மாக்கள், ஸ்கூல் பைகள். நாகராஜ் தன் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். சுமதியும் இறங்கி வந்திருந்தாள். எனக்கு ஆதரவாகவா, வேடிக்கை பார்க்கவா என்று இன்றுவரை கேட்கவில்லை.

செல்வி வந்தார். கேட்டுக்கு வெளியே, தரையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பையோடு நின்றார். உள்ளே வரவில்லை.

தொண்டையைச் செருமினேன். "எல்லோருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தேன். தண்ணீர் லாரி வரவில்லை என்று சொல்லப்போகிறேன் என நினைத்து நாலு பேர் உடனே கிட்டே வந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை இங்க நின்னு செல்வியத் திட்டினேன். தோட்டத்த அவங்க அழிக்கல. அழிக்கச் சொல்லி அனுமதி கொடுத்தது நான்தான். படிக்காம அழுத்திட்டேன். அவங்க தடுக்கப் பாத்து எனக்கு நாலு தடவ போன் பண்ணாங்க. நான் எடுக்கல. புழுவக் காப்பாத்தி பக்கெட்ல வெச்சிருந்தாங்க. அதக் குப்பையில கொட்டினதும் நான்தான்."

ஒரு டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

ஸ்ரீதர் கார்க் கதவைப் பிடித்தபடி, "இருங்க, இருங்க. எல்லாமே நீங்கதானா?" என்றார்.

"ஆமா சார். எல்லாமே நான்தான்."

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. நானும் கொஞ்சம் இளித்தேன், பழக்கதோஷம். நான் கோமாளி ஆகிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்பது என் வாழ்நாள் அனுபவம். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன்.

செல்வி சிரிக்கவில்லை. அசையவும் இல்லை.

"சார்" என்றார். "டி பிளாக்கு ஜனங்க பின்னால நிக்கிறாங்க. அவங்களுக்கு கேக்கல. அன்னிக்கு கேட்டுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். வரிசையின் கடைசியில் ஏழெட்டுப் பேர், என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இந்த முறை கத்தித்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம். 'பதினேழு புழு' என்கிற இடத்தில் குரல் உடைந்தது. அதை நகைச்சுவையாக மாற்ற எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

முடித்துவிட்டு நின்றேன். கடைசியில் நின்ற ஒரு பெண்மணி, கேட்டது என்பதற்கு அடையாளமாகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

செல்வி அதைப் பார்த்தார். பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, கார்களுக்கு நடுவே, என்னைக் கடந்து, பி பிளாக் பின்பக்கம் நோக்கி நடந்தார். ஒதுங்கி வழி விட்டேன். நாகராஜ் சல்யூட் அடிக்கிற மாதிரி கையைத் தூக்கிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று தலையைச் சொறிந்துகொண்டார்.